கேளாமல் கொடுத்த கணக்கு

1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவரானார் முத்துலட்சுமி ரெட்டி. அவர் அரசு நியமித்த உறுப்பினர். வாக்குக் கேட்டு வந்தவர் அல்ல என்பதால், கணக்குக் கேட்க வாக்காளரும் இல்லை. 1930இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தவர், சபையில் தான் செய்த பணிகளை அதே ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாக்கினார். யாரும் கேளாமலே கொடுத்த கணக்கு அது.

அதிலும் ஒரு குறை உண்டு. தேவதாசி முறையை ஒழிக்க அவர் போராடியபோது, அப்பெண்களில் பலர் எதிர்த்து மனு கொடுத்தனர். 1947இல் சட்டம் வந்தது. யாருக்காகச் சட்டமோ, அவர்களுக்குப் பதில் சொல்வதும் கணக்கில் சேர்த்திதான்.

எக்கியார்குப்பத்தை நினைத்தபடிதான் இதை நான் எழுதுகிறேன். மரக்காணம் உப்பளக் கரையிலுள்ள இந்த மீனவக் குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் பல உயிர்களைக் குடித்தது. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தது அரசு. முன்பே புகார்கள் வந்தனவா, வந்திருந்தால் யார் என்ன செய்தார் என்பதையும் அக்குடும்பத்துப் பெண்களுக்குச் சொல்ல வேண்டாமா?

தகவல் அறியத் தமிழ்நாடு 1997இலேயே சட்டம் இயற்றியது. விலக்குகள் மிகுந்த சட்டம். 2005இன் மத்தியச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி எவரும் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த மனுவை எழுத அப்பெண்களுக்குத் துணைநிற்பது, படித்த நம் கடன்.