உருஷி மெருகுச் சீரமைப்பு

பழைய ஜப்பானிய மரச்சாமான்களின் மங்கிய, வெடித்த மேற்பூச்சை நிலைப்படுத்தும் கலை. உருஷி என்பது பூச்சியரக்கு அன்று. ஒரு மரத்தின் பால். அம்மரம் மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மலேசியக் காடுகளின் ரெங்காஸ் மரமும் அதே குடும்பம்தான். இரண்டின் பாலும் தோலில் பட்டால் கொப்புளிக்கும்.

மற்ற பூச்சுகள் உலர்ந்து இறுகும். உருஷியோ ஈரக்காற்றில், ஏறத்தாழ 70–80 விழுக்காடு ஈரப்பதத்தில் இறுகுகிறது. அதனால் கோலாலம்பூரின் புழுக்கம் அதற்குப் பகையில்லை. அந்நகரின் பங்சார் பகுதி வீடுகளில் உருஷி பூசிய பேழைக்குக் கேடு செய்யக்கூடியவை சன்னல் வெயிலும், இரவில் ஓடிப் பகலில் நிற்கும் குளிர்சாதனமுமே. வெயில் மேற்பரப்பில் நுண்வெடிப்புகளை உண்டாக்கும். ஈரம் ஏறி இறங்க, உள்மரம் சுருங்கி விரிந்து பூச்சு பெயரும்.

ஜப்பானிய மரபில், நீர்த்த உருஷியை வெடிப்புகளில் ஊறவிட்டு, மிகுதியைத் துடைத்தெடுப்பர். ஒருமுறை இறுகினால் அதைத் திரும்ப நீக்க முடியாது. மேலைநாட்டுக் காப்பாளர்கள் தயங்குவது இதனால்தான். சுமார் 1640இல் செய்யப்பட்ட மசாரின் பேழை என்னும் ஜப்பானிய உருஷிப் பேழையை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் சீரமைத்தபோது இரு மரபினரும் கலந்து முடிவெடுத்தனர்.

வெயில்பட்ட உருஷியைத் தண்ணீரும் ஸ்பிரிட்டும் கெடுக்கும். கடைப் பாலிஷ் பூசாதீர்கள். மென்தூரிகையால் தூசு தட்டி, தேர்ந்த காப்பாளரிடம் காட்டுங்கள்.