வைத்தியசாலைச் சமூகப்பணியாளரின் அறிவிப்புக் கடமை

நோயாளி நம்பிச் சொன்னதை வைத்தியசாலைச் சமூகப்பணியாளர் எப்போது, யாரிடம் சொல்லியாக வேண்டும் என்பதை இலங்கையில் ஒரே சட்டம் வகுக்கவில்லை. விதிகள் பல சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. மட்டக்களப்பில் இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. படுவான்கரையிலிருந்து வாவி கடந்து போதனா வைத்தியசாலைக்கு வரும் பெண் தன் காயத்தின் உண்மைக் காரணத்தைப் பெரும்பாலும் விடுதிக் கட்டிலருகேதான் முதலில் சொல்கிறாள்.

அடிப்படை விதி 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 21ஆம் பிரிவு. அதில் பட்டியலிட்ட குற்றங்களையோ சந்தேகத்துக்குரிய மரணத்தையோ அறிந்த எவரும் நீதவான் நீதிமன்றுக்கு, பொலிஸாருக்கு அல்லது கிராம உத்தியோகத்தருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காததற்கு நியாயமான காரணம் இருந்ததென்றால் அதை அவரே நிரூபிக்க வேண்டும். தற்கொலை முயற்சி 1998 முதல் குற்றமன்று. நஞ்சருந்திப் பிழைத்தவர் இப்போது குற்றவாளி அல்லர்.

சிறுமி கருவுற்று வருவதே மிகக் கடினமான நிலைமை. தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவுப்படி 16 வயதுக்குட்பட்டவரின் சம்மதம் செல்லாது. ஆனால் 12 வயதுக்கு மேற்பட்ட, நீதிமன்றத்தால் பிரிக்கப்படாத மனைவியின் விடயத்தில் கணவனுக்கு அதே பிரிவு விலக்களிக்கிறது. 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயதை வகுக்காமல் விட்டது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே விடுதியில் படுத்திருக்கும் இந்த மாவட்டத்தில், ஒரே வயதுச் சிறுமியர் இருவருக்கு ஒரே சட்டம் வெவ்வேறாகப் பேசலாம். பணியாளர் வழமையாகச் சட்ட வைத்திய அதிகாரிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் தகவல் சேர்ப்பிக்கிறார்.

வளர்ந்த பெண் கணவனிடம் அடிவாங்கிய விடயம் வேறு. 2005இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கோருவது முதன்மையாக அவளது உரிமை. அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் கோரலாம். முறைப்பாடு செய்யும்படி பணியாளரை அச்சட்டம் பணிக்கவில்லை. கட்டளை பிறந்தபின், அது பின்பற்றப்படுகிறதா என்று பார்த்து மூன்று மாதத்துக்கொருமுறை அறிக்கை தரும்படி சமூகப்பணியாளரை நீதிமன்றம் பணிக்கலாம்.

சாட்சிக் கூண்டில் பாதுகாப்பு குறைவு. 1895இன் சாட்சியக் கட்டளைச் சட்டம் சட்டத்தரணிக்குத் தரும் சிறப்புரிமையைச் சமூகப்பணியாளருக்குத் தரவில்லை. ஆகவே முதற் சந்திப்பிலேயே "எல்லாம் இரகசியம்" என்று வாக்களிப்பது காப்பாற்ற முடியாத வாக்கு. தகவல் கேட்டு வரும் வெளியாரிடம் மட்டும் நிலை தலைகீழ்: 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, நோயாளியின் எழுத்துமூலச் சம்மதமின்றி மருத்துவப் பதிவுகளைப் பொதுவாகப் பெற முடியாது. பணியாளர் எழுதும் எந்தக் குறிப்பிலும் இதே கவனம் வேண்டும்: பெயரை மறைத்தாலும் ஊரையும் வயதையும் எழுதிவிட்டால், சிறு கிராமத்தில் அது யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.