கறுப்பு எண்ணெயின் கதை



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போனில் அழைத்தான். அரியமங்கலம் பக்கம் லாரி பட்டறை வைத்திருக்கிறான். "சார், கழிவு ஆயிலுக்கு லிட்டருக்கு ரெண்டு ரூபா கூடத் தர்றேன்னு ஒருத்தர் வர்றார். பில் கிடையாது. கொடுக்கலாமா?" என்றான். சரித்திர வாத்தியாரைக் கேட்டால் சரித்திரம்தானே வரும்!

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். 1983இல் ஸ்ரீரங்கத்து வீட்டில் தம்பியின் புல்லட்டுக்கு நானே ஆயில் மாற்றினேன். புல் சாகட்டும் என்று பழைய ஆயிலைக் கிணற்றடியில் ஊற்றினேன். ஐப்பசி மழைக்குப் பிறகு கிணற்று நீரில் வானவில் மிதந்தது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். பல மாதங்கள் போனாள்.

மாட்டுவண்டிக் காலத்தில் இருசுக்கு, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் போடுவார்கள். சிந்தினால் மண் தின்றுவிடும். 1928இல் நாகப்பட்டினத்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்தது. பிறகு பஸ், லாரி எல்லாம் பெருகின. வண்டிக்குப் போடும் எண்ணெயும் பெட்ரோலிய எண்ணெயாக மாறியது. இன்ஜினில் ஓடிய எண்ணெயில் உலோகத் தூளும் கரியும் கலந்திருக்கும். 2000 வரை நம் பெட்ரோலில் ஈயமும் இருந்ததால் அதுவும் சேர்ந்தது. இதை மண் தின்னாது.

1984 போபால் துயரத்துக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1989இல் அபாயகரக் கழிவு விதிகள் வந்தன. கழிவு எண்ணெயும் அந்த வரம்புக்குள் வந்தது. இப்போதுள்ள 2016 விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவர்கள்தான் அதைச் சுத்திகரிக்கலாம். 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு.

உண்மையில் பட்டறைக்காரர் பலர் ஆயிலைக் கொட்டுவதில்லை; பீப்பாயில் சேர்த்து விற்கிறார்கள். யாருக்கு என்பதுதான் கேள்வி. பில் இல்லாமல் போவது சூளையில் எரியலாம், சென்ட்ரிங் பலகையில் பூசப்படலாம், கலப்பட ஆயிலாகி மறுபடி நம் வண்டிக்கே வரலாம். கந்தக அமிலம் ஊற்றிச் சுத்தம் செய்யும் பழைய முறையில் மிஞ்சும் தார் போன்ற சகதி இன்னும் மோசம். முறையான ஆலையில் நீரைப் பிரித்து, வெற்றிடத்தில் காய்ச்சி வடிப்பார்கள். ஏறக்குறைய 4 லிட்டரில் இரண்டரை லிட்டர் நல்ல எண்ணெய் திரும்பக் கிடைக்கும்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறோம். திருச்சி குடிப்பது அந்த மணலுக்கடியில் ஊறும் நீரைத்தான்.

அவனிடம் சொன்னேன்: "ரெண்டு ரூபா போகட்டும்பா. வாரிய அனுமதியைக் காட்டி, பில் தர்றவருக்கே கொடு."

நீங்களும் வீட்டில் ஆயில் மாற்றினால் மூடியுள்ள கேனில் பிடியுங்கள். தண்ணீரோ பெட்ரோலோ கலக்காதீர்கள். பட்டறையில் கொடுக்கும்போது, "இது எங்கே போகுது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆசிகளுடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்