பழுதுக்கென வகுக்கப்பட்ட நிலை

மைசூரு தேவராஜ மொஹல்லாவின் சந்தை நெரிசலில், நண்பரின் தானியங்கி கியர் கார் மூன்றாம் கியரிலேயே நிலைத்துவிட்டது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி திணறியதே தவிர நிற்கவில்லை. கியர்பெட்டி பழுதாகிவிட்டது என்றார் நண்பர். பணிமனையில் இதற்கு ‘லிம்ப் மோடு’ என்று பெயர். நொண்டியேனும் வீடு சேர்க்கும் இந்நிலைக்கு நீண்ட வரலாறு உண்டு.

1869இல் வெஸ்டிங்ஹவுஸ் அமைத்த முதல் காற்று பிரேக், காற்றழுத்தம் சென்றால்தான் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக் இல்லை. 1872இல் அவர் தர்க்கத்தையே தலைகீழாக்கினார்: அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும், குறைந்தால் தானே பிடிக்கும். இக்கொள்கை சட்டமாக உயிர்கள் பலியாக வேண்டியிருந்தது. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா அருகே, மேட்டில் ஏற முடியாத ரயிலைப் பிரித்தபோது பின்பெட்டிகள் பிரேக்கை இழந்து பின்னோக்கி உருண்டன. 80 பேர் மாண்டனர். அவ்வாண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயணியர் ரயில்களுக்குத் தானே பிடிக்கும் பிரேக்கைக் கட்டாயமாக்கியது. மைசூருக்கு வந்த மீட்டர்கேஜ் ரயில்களின் வெற்றிட பிரேக்கும் இவ்வகையே: குழாய் அறுந்து காற்று புகுந்தால் வண்டி நின்றுவிடும்.

1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்த ‘ஹைட்ரா-மேட்டிக்’ கியர்பெட்டியை எண்ணெய் அழுத்தமே இயக்கியது. 1980களில் மின்னணுக் கட்டுப்பாடு பரவியபோது பழைய கேள்வி திரும்பியது: மின்சாரம் அற்றுப்போனால்? உணரியின் அளவீடு முரண்பட்டால், பல அமைப்புகளில் கணினி சோலனாய்டுகளுக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. வில்விசையால் வால்வுகள் ஓய்வுநிலைக்குத் திரும்புகின்றன. அந்த ஓய்வுநிலையிலேயே எண்ணெய் ஒரே கியருக்குச் செல்லுமாறு, பெரும்பாலும் இரண்டாவதற்கோ மூன்றாவதற்கோ, வழிகள் அமைக்கப்பட்டுள்ளன. கிளட்சுகள் வழுக்கித் தேயாதிருக்க எண்ணெய் அழுத்தமும் உச்சத்தில் நிற்கிறது.

ஓரிடத்தில் இவ்விரு மரபுகளும் பிரிகின்றன. ரயிலுக்கு நிற்பதே பாதுகாப்பு. நெடுஞ்சாலை நடுவே காருக்கு நிற்பதே ஆபத்து. எனவே மெல்லச் செல்வது பாதுகாப்பாயிற்று. எது பாதுகாப்பு என்பதை இயந்திரம் தானே அறியாது. ஒவ்வொரு முறையும் மனிதரே முடிவு செய்தனர்.

தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே கற்பிக்கிறோம். ‘இது பழுதானால் என்ன ஆகும்?’ என்று முன்கூட்டியே கேட்டவர்களுக்கு நம் பாடத்திட்டத்தில் இடமில்லை. அன்று நண்பர் வீடு சேர்ந்தது அக்கேள்வியால்தான்.