பத்மநாபபுரத்து உடைவாள்

2000-ஆம் ஆண்டு ஜூலை மாதம், காம்ப் டேவிட்டில், கிளிண்டன் முன்னிலையில் கூடிய இஸ்ரேல் பிரதமர் எகுத் பராக்கும் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராபத்தும், வேறு விஷயங்களில் ஓரளவு நெருங்கி வந்திருந்த போதிலும், ஜெருசலேமின் புண்ணிய ஸ்தலங்களுக்கு அதிபதி யார் என்ற கேள்வியில் முட்டிக்கொண்டு வெறுங்கையோடு கலைந்த கதையைச் சென்ற வாரம் கண்டோம். அதே கேள்வி நமது திருவட்டாற்றுக்குச் சற்றுத் தொலைவிலும் எழக்கூடியதாக இருந்தது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை ராஜ்யத்தோடு இணைக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கும் ராஜ்ய காங்கிரசுக்கும் இடையே 1950-இல் பாளையங்கோட்டையில் நடந்த சமரசப் பேச்சு முறிந்தது. தமிழ்நாடு காங்கிரசின் தலைவர் சாம் நத்தானியேல் பதவியைத் துறந்தார். 1954 ஆகஸ்டு 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புக் கிளர்ச்சிக்காரர்கள் மீது போலீசாரின் துப்பாக்கி பேசியது. திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை பதவி விலக வேண்டுமென்று, அவருடைய கட்சியின் பொதுச் செயலாளரான லோகியாவே கோரினார். பட்டம் அசைந்து கொடுக்கவில்லை. முடிவில் பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவரடங்கிய ராஜ்யச் சீரமைப்புக் கமிஷன் கிழித்த கோட்டின்படி, எங்கள் கல்குளம் உள்ளிட்ட நான்கு தென் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 முதல் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தன. இணைப்புப் போராட்டத்தின் தலைவர் நேசமணி கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை.

ஆனால், தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனை? மண் தமிழ்நாட்டினுடையது, மாளிகையைப் பராமரிப்பதோ இன்றளவும் கேரளத் தொல்லியல் துறை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் மன்னர் காலத்து உடைவாள் சம்பிரதாயப்படி கைமாற, தேவாரக்கட்டுச் சரஸ்வதி யானை மீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலுமாகத் திருவனந்தபுரம் புறப்படுகிறார்கள். இரு மாநிலப் போலீசாரும் மரியாதை செலுத்த, களியக்காவிளையில் எல்லையைக் கடந்து சென்று, பூஜை முடிந்ததும் திரும்பி வருகிறார்கள். இத்தெய்வங்கள் எந்த ராஜ்யத்தின் பிரஜைகள் என்று எவரும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதே பெரிய ராஜதந்திரம் என்பது என் துணிபு.

இங்கே இரு தரப்பாரும் ஒரே குடியரசின் பிரஜைகள், நாடிழந்த அகதிகள் எவருமில்லை என்ற பேதத்தை மறைப்பதற்கில்லை. எனினும், மண்ணின் ஆட்சி ஒருவரிடமும் ஸ்தலத்தின் நிர்வாகம் வேறொருவரிடமுமாக இருக்கும் ஏற்பாடு ஜெருசலேமுக்குப் புதிதன்று. அல்-அக்ஸா வளாகத்தை ஜோர்டானைச் சார்ந்த வக்பு நிர்வாகமே நடத்தி வருகிறது. அத்தேசத்தின் விசேஷ ஸ்தானத்தை இஸ்ரேல் 1994 உடன்படிக்கையில் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. 1967 யுத்தத்தில் பழைய நகரம் கைமாறிய பின்னும், இஸ்ரேலின் பாதுகாப்பு மந்திரி மோஷே தயான் அந்த நிர்வாகத்தை ஏன் அகற்றாமல் விட்டார் என்பதை அடுத்த வாரம் காண்போம்.