தலையணை உறையில் பிடித்த தூசி

பழைய கார், பழைய ரேடியோ, தபால்தலை சேர்க்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. பழைய வாக்குவம் கிளீனர் சேர்க்கிறவங்களும் இருக்காங்க, தெரியுமா? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நிறையவே இருக்காங்க. சேர்த்து அலமாரியில் அடுக்கி வைப்பதோட விடறதில்லை. கார்ப்பெட்டில் மணலைக் கொட்டி, 1920-களின் மெஷினையும் நேற்று வாங்கின மெஷினையும் ஓட்டி, எது அதிகம் அள்ளுதுன்னு எடை போட்டுப் பார்க்கிறாங்க. மொசைக் தரையும் துடைப்பமுமா வளர்ந்த எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனா பெஞ்ச்மார்க் என்று யாராவது சொன்னால் சும்மா இருக்க விடாத தொழில் நம்முடையது. உள்ளே இறங்கிட்டேன் :-)

கதை 1901-ல் லண்டனில் ஆரம்பிக்குது. ஹ்யூபர்ட் செசில் பூத் என்கிற பொறியாளர், தூசியை ஊதித் தள்ளும் ஒரு மெஷினைப் பார்க்கிறார். ஊதினா தூசி இன்னொரு இடத்துக்குத்தானே போகும், ஏன் உறிஞ்சக் கூடாது? ஒரு உணவகத்து நாற்காலி மெத்தை மேல கைக்குட்டையை வச்சு வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தாராம். அவர் செஞ்ச மெஷின் குதிரை வண்டியில் வரும். தெருவில் நின்னு பெட்ரோல் என்ஜின் ஓடும், குழாய் மட்டும் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள போகும். 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் பண்ணினது இதுதான்.

ஆனா எனக்குப் பிடிச்ச ஆள் பூத் இல்லை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கேன்டன் ஊரில் ஒரு கடையைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர். அறுபதை நெருங்கும் வயசு, ஆஸ்துமா வேற. பெருக்கும்போது கிளம்பும் தூசி மூச்சை முட்டியது. ஒரு ஃபேன் மோட்டார், ஒரு பெட்டி, ஒரு துடைப்பக் கட்டை, தூசியைப் பிடிக்க ஒரு தலையணை உறை. அவ்வளவுதான் மெஷின். ஆனா அதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. காற்றை இழுத்த அதே மோட்டார், பெல்ட் வழியா ஒரு பிரஷ்ஷையும் உருட்டியது. 1908 ஜூன் 2-ல் காப்புரிமை கிடைச்சது. தயாரிக்கத்தான் காசில்லை. தோல் பொருள் வியாபாரி வில்லியம் ஹூவர் உரிமையை வாங்கினார். ஸ்பாங்ளர் 1915-ல் இறந்துபோனார். பிறகு கம்பெனி பெயரே ஹூவர் ஆச்சு. இங்கிலாந்தில் வாக்குவம் போடுவதையே இன்னிக்கும் 'ஹூவர் பண்றது' என்றுதான் சொல்றாங்க. ஸ்பாங்ளர் பெயரை யாரும் சொல்றதில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். அந்தப் பிரஷ் ஏன் முக்கியம்? கார்ப்பெட்டில் மணல் மேலாக உட்காருவதில்லை, நூல்களின் அடிவேருக்கு இறங்கிடும். அங்கேயிருந்து வெறும் காற்றால் கிளப்புவது கஷ்டம். பாயை உதறாமல் மண் போகுமா? அதே கதைதான். 1926-ல் வந்த ஹூவர் 700 மாடலில் உருளையில் பிரஷ்ஷோட உலோகப் பட்டைகளும் இருந்தன. காற்று கார்ப்பெட்டைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்க, பட்டைகள் தட்டும், பிரஷ் வாரும். 1921-ல் வந்த ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் வேற சாதி, பிரஷ் உருளை கிடையாது. சோபா, திரைச்சீலை, படிக்கட்டுக்கு அருமை, தடிமனான கார்ப்பெட்டில் திணறும்.

சோதனைக்கு அமெரிக்காவில் முறையான ஒரு தரநிலையே இருக்கு. 90 பங்கு மணல், 10 பங்கு டால்கம் பவுடர் கலந்து, மொத்தம் 100 கிராமை கார்ப்பெட்டில் தேய்ச்சு இறக்கி, மெஷின் எத்தனை கிராம் எடுத்ததுன்னு பார்க்கணும். சேகரிப்பாளர்கள் வீட்டில் செய்றது இதோட சின்ன வடிவம். பெல்ட்டும் பிரஷ்ஷும் புதுசாப் போட்டுக்கிட்டா, சில நூறு வாட்டில் ஓடும் கிழட்டு ஹூவர், பிரஷ் இல்லாத 1500 வாட் மெஷினுக்குத் தண்ணி காட்டும். பெட்டி மேல பெரிசா அச்சடிச்ச வாட், மோட்டார் தின்னும் கரண்டைத்தான் சொல்லுது, அள்ளும் மண்ணை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் 1600 வாட்டும் 2017-ல் 900 வாட்டும்தான் உச்சம் என்று கட்டிப்போட்டதும் சரின்னுதான் எனக்குப் படுது.

அங்கேயும் ஒரு கூத்து. வாக்குவம் கிளீனருக்கு அவங்க ஒட்டச் சொன்ன எரிசக்தி லேபிளுக்கான சோதனையைத் தூசிப்பை காலியா இருக்கும்போதே செஞ்சாங்க. வீட்டில் யார் காலிப் பையோட பெருக்குறாங்க? பை நிறைய நிறைய இழுவை குறையும். டைசன் கம்பெனி வழக்குப் போட்டு, 2018-ல் நீதிமன்றம் அந்த லேபிள் விதியையே ரத்து பண்ணிடுச்சு. நம்ம ஆபீசில் காலி டேட்டாபேஸை வச்சு வேகம் காட்டின டெமோ ஞாபகம் வந்தது.

ஆனா கிழட்டு ஹூவருக்கே முழு மார்க்கும் போட முடியலை. மணல் எடையில் ஜெயிக்கும் அந்த மெஷினின் பை, வெறும் துணி. மணல் உள்ளே தங்கும், மாவு மாதிரி மெல்லிய தூசி துணி வழியா அறைக்குள்ளேயே திரும்பி வரும். தராசில் அது தெரியாது. இன்றைய ஹெபா ஃபில்டர் மெஷின்கள் ஜெயிக்கும் இடம் அதுதான். ஸ்பாங்ளருக்கு மூச்சு முட்டினதும் அந்த மெல்லிய தூசியால்தான் இருந்திருக்கணும். அவர் கட்டினது தலையணை உறை.