பினாங்கு மலைப்பாம்பு: சூட்டை வைத்து இரை பிடிக்கும் வேட்டைக்காரன்

வீடியோ கேம் அரக்கன் இருட்டிலும் இரையின் உடற்சூட்டை அறிந்து பாயும். பினாங்கில் அதை நிஜமாகவே செய்வது மலைப்பாம்பு. உதட்டோரக் குழிகள்தாம் அதற்குச் சூடறியும் கண். இரையைத் துரத்தாது, கால்வாய் ஓரத்திலோ செம்பனை மட்டைக் குவியலிலோ அசையாமல் காத்துக் கிடக்கும்.

விஷம் கிடையாது. கவ்விச் சுற்றி இறுக்கினால் இரையின் இரத்த ஓட்டமே நின்றுபோகும். பிறகு தலையிலிருந்து முழுசாக விழுங்கும். பெரிய இரை என்றால் வாரக்கணக்கில் பசிக்காது. தோட்டத்தில் எலிகளைத் தின்று நல்லதும் செய்கிறது. கோழி, பூனை வளர்ப்போருக்குத்தான் கவலை.

பெண் பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, இரை தேடாமல் அடைகாக்கும். 2016 ஏப்ரலில் பாயா தெருபோங் கட்டுமான இடத்தில் பிடிபட்டது, 8 மீட்டர் நீளம் என்றார்கள், அப்படியொரு தாய்தான். முட்டையிட்ட நிலையில் சில நாளிலேயே இறந்தது.

பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டு 999-ஐ அழையுங்கள்.